மீன் எங்கே என்று சாட்டிலைட் சொல்கிறது. எவ்வளவு பிடித்தோம் என்று யார் சொல்வது?

கடல் மீனைப் பற்றி ஓசூர்க்காரன் எழுதுவதா என்று வாசகர்கள் நினைக்கலாம். லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் தயாராகும் ஊர் இது. அலையைப் பார்க்க வேண்டும் என்றால் சென்னைக்கு 300 கிலோ மீட்டருக்கு மேல் பயணம் செய்திட வேண்டும். ஆனாலும் எங்களுக்கு இதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு. கடலூர் கடலில் இருக்கும் படகுக்குச் செல்லும் எச்சரிக்கைச் செய்தி ஒன்று, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பெங்களூருவிலிருந்துதான் வானத்திற்கு ஏறுகிறது. எங்கள் கெலவரப்பள்ளி அணையை நிரப்பி, கிருஷ்ணகிரி வழியாக ஓடும் தென்பெண்ணை ஆறு, கடைசியில் கலப்பதும் அதே கடலூர் கடலில்தான்.

மீன்பிடித் தொழிலில் கம்ப்யூட்டரும் சாட்டிலைட்டும் என்ன செய்கின்றன என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால், இதில் பெரும்பகுதியை நீங்களே திறந்து பார்க்கலாம். கட்டணம் எதுவும் இல்லை.

கடலின் நிறத்தில் மீன் தெரியுமா?

ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இயங்கி வருகிறது. கடல் பற்றிய தகவல் சேவைகளுக்காக 1999-ல் தொடங்கப்பட்டது. இதன் இணையதளத்தில் மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகள் பற்றிய அறிவிப்பு வெளியாகிறது. சாட்டிலைட்டில் இருந்து மீன் தெரியாது. ஆனால் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று கடல் மேற்பரப்பின் வெப்பநிலை. மற்றொன்று கடல் நீரின் நிறம். நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளில் உள்ள பச்சையம்தான் இந்த நிறத்தைத் தருகிறது. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் கோட்டில் பாசி அதிகம் வளரும். பாசியைத் தேடிச் சிறு மீன் வரும். சிறு மீனைத் தேடிப் பெரிய மீன் வரும். இந்தக் கோட்டைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து வரைபடத்தில் போடுகிறது. அவ்வளவுதான் சூத்திரம்.

இன்காய்ஸ் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ கூகுளில் தேடி, அதன் தளத்தில் மீன்பிடி அறிவிப்புப் பகுதிக்குச் செல்லவும். தமிழகக் கடற்கரை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஒரு அட்டவணை கிடைக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு கரையோர ஊரின் பெயர், அங்கிருந்து எந்தத் திசையில் செல்ல வேண்டும், எத்தனை கிலோ மீட்டர், அந்த இடத்தில் ஆழம் எவ்வளவு, அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை தரப்பட்டிருக்கும். தமிழிலும் இது கிடைக்கிறது. படகில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவியில் இந்த எண்களைப் போட்டால் நேராக அங்கே சென்றுவிடலாம். தேடி அலையும் நேரமும் டீசலும் மிச்சம்.

மேகம் மூடிய நாட்களில் சாட்டிலைட்டால் வெப்பநிலையும் நிறமும் பார்க்க முடியாது. அன்று அந்தப் பகுதிக்கு அறிவிப்பு இருக்காது. அதேபோல் மீன்பிடித் தடைக்காலத்தில் அறிவிப்பை நிறுத்திவிடுகிறார்கள். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இந்தத் தடை. முன்பு 45 நாட்களாக இருந்தது.

ஓசூர் மார்க்கெட்டில் எனக்கு வழக்கமாக மீன் தரும் பெரியவரிடம் இந்த அட்டவணையை மொபைலில் காட்டினேன். அவர் ஒரு காலத்தில் படகில் போனவர். நாலு படகு போகிற இடத்திற்கு இனிமேல் நாற்பது படகு போகும், அப்புறம் அங்கே என்ன மிஞ்சும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மீன் இருக்கும் இடத்தைச் சொல்வது மீனவருக்கு உதவி. அது மட்டும் மீன்வளத்தைக் காப்பாற்றிவிடாது. எத்தனை படகு போனது, எவ்வளவு பிடித்தது என்ற கணக்கு கூடவே இருந்தால்தான் இந்த வசதிக்கு ஒரு எல்லை போட முடியும்.

லாரிக்கு ஜி.பி.எஸ்., படகுக்கு?

படகு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். ஓசூர் வாசகர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இங்கிருந்து கிளம்பும் சரக்கு லாரிகள் பலவற்றில் டிராக்கர் கருவி இருக்கிறது. அத்திப்பள்ளியைத் தாண்டியதா, கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நிற்கிறதா என்று முதலாளி ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிறார். பலர் நினைப்பது போல ஜி.பி.எஸ். இதைச் சொல்வதில்லை. ஜி.பி.எஸ். கருவி சாட்டிலைட்டிலிருந்து சிக்னலை வாங்கும், எதையும் அனுப்பாது. தன் இடத்தை அது தெரிந்து கொண்ட பிறகு, அந்தத் தகவலை முதலாளிக்கு அனுப்புவது கருவியில் உள்ள சிம் கார்டுதான். வழியெல்லாம் மொபைல் டவர் இருப்பதால் வேலை நடக்கிறது.

கடலில் டவர் கிடையாது. கரையிலிருந்து 10, 12 கிலோ மீட்டர் தாண்டினால் மொபைல் சிக்னல் பெரும்பாலும் போய்விடும். ஆழ்கடலில் பத்து நாள், இருபது நாள் தங்கி மீன் பிடிப்பவர்கள் அதற்கும் எத்தனையோ மடங்கு தூரம் செல்கிறார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது நடந்தது இதுதான். கன்னியாகுமரி, கேரளப் பகுதி மீனவர்கள் பலர் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். கரையில் வெளியான எச்சரிக்கை அவர்களைச் சென்றடைய வழி இல்லை.

அதன் பிறகு உருவானதுதான் ஜெமினி என்ற கருவி. 2019 அக்டோபரில் அறிமுகம் செய்யப்பட்டது. விமானங்கள் பாதுகாப்பாக இறங்குவதற்காக இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து ககன் என்ற அமைப்பை ஏற்கெனவே நிறுவியிருந்தன. ஜி.பி.எஸ். சிக்னலில் உள்ள பிழையைத் திருத்தி சாட்டிலைட் வழியாக அனுப்புவது அதன் வேலை. அந்த சிக்னலில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அதில் மீனவருக்கான செய்தியையும் ஏற்றி அனுப்பலாமே என்று இன்காய்ஸ் யோசித்தது. ககன் அமைப்பின் கட்டுப்பாட்டு மையம் இருப்பது பெங்களூரு குந்தலஹள்ளியில். கருவியை வடிவமைத்ததும் பெங்களூருவைச் சேர்ந்த அக்கார்டு நிறுவனம். ஐதராபாத்தில் தயாராகும் செய்தி பெங்களூரு வந்து, சுமார் 36,000 கிலோ மீட்டர் உயரத்தில் உள்ள சாட்டிலைட்டுக்குப் போய், அங்கிருந்து படகில் உள்ள சின்னப் பெட்டிக்கு இறங்குகிறது. பெட்டியிலிருந்து புளுடூத் மூலம் மீனவரின் மொபைல் போனுக்கு வந்துவிடும். புயல் எச்சரிக்கை, அலை உயரம், மீன் கிடைக்கும் பகுதி எல்லாம் அவரவர் மொழியில் திரையில் தெரியும். விமானத்திற்காகப் போட்ட பாதையில் படகுக்கும் ஒரு டிக்கெட் கொடுத்த இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு குறை உண்டு. ஜெமினி ஒரு வழிப் பாதை. படகு பதில் சொல்ல முடியாது. ஆபத்தில் இருக்கிறேன் என்று கூடத் தெரிவிக்க முடியாது.

இரு வழிப் பாதை

இந்தக் குறையைத் தீர்க்க இஸ்ரோ தயாரித்தது டிரான்ஸ்பாண்டர். சாட்டிலைட் வழியாகவே செய்தி போகும், வரும். ஆபத்து என்றால் பட்டனை அழுத்தினால் போதும். படகு இருக்கும் இடத்துடன் கரைக்குத் தகவல் போய்விடும். சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பகுதிக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. இந்தியா முழுவதும் 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஒரு லட்சம் படகுகளில் 364 கோடி ரூபாய் செலவில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் தொடங்கி வைக்கப்பட்டது.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பஸ், டாக்சி போன்ற வாகனங்களில் வைக்கும் டிராக்கருக்கான தரத்தின் பெயர் ஏ.ஐ.எஸ். 140. கப்பலில் வைக்கும் கருவிக்கும் ஏ.ஐ.எஸ். என்றே பெயர். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. முன்னது வாகனத் தொழிலுக்கான தர எண். பின்னது கப்பல் தன் பெயரையும் இடத்தையும் வேகத்தையும் ரேடியோ மூலம் சுற்றிலும் அறிவித்துக் கொண்டே போகும் கருவி. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியாவில் 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள மீன்பிடிப் படகுகளுக்கு இது கட்டாயமானது. நம் படகுகளில் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. அதனால்தான் டிரான்ஸ்பாண்டர் தேவைப்பட்டது.

டிரான்ஸ்பாண்டர் உயிரைக் காக்கும். கூடவே, படகு எங்கே மீன் பிடித்தது என்பதையும் பதிவு செய்யும். இந்த இரண்டாவது வேலைதான் மீனவர்களைத் தயங்க வைப்பது. நல்ல மீன் கிடைக்கும் இடம் என்பது ஒரு தண்டேலுக்கு அப்பன், பாட்டன் காலத்துச் சொத்து. அதை ஏதோ ஒரு ஆபீசில் உள்ள சர்வரில் எழுதி வைப்பதற்கு யார்தான் சந்தோஷப்படுவார்கள்? அந்தத் தகவலை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று தெளிவாகச் சொல்லாமல் கருவியை மட்டும் கொடுத்தால், அது துறைமுகத்தோடு ஆப் செய்யப்படும். எங்கள் லாரி டிரைவர்களிடமும் பார்த்த கதைதான்.

கோர்ட் சொன்ன நிபந்தனை

டிராக்கர் கருவி மீன்வளச் சட்டத்திற்குள் எப்படி நுழைகிறது என்பதற்குத் தமிழகமே ஒரு உதாரணம். சுருக்குமடி வலை பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். கடலூர், நாகப்பட்டினம் பக்கம் இதனால் ஊருக்கு ஊர் தகராறே நடந்திருக்கிறது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியைச் சுருக்கி, மொத்தமாக அள்ளும் வலை இது. தமிழகக் கடலில் இதற்கு 2000-ல் தடை விதிக்கப்பட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. 2023 ஜனவரி 24 அன்று தந்த இடைக்கால உத்தரவில், தமிழக அரசின் எல்லையான 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்கள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை இந்த வலையைப் பயன்படுத்தலாம் என்று கோர்ட் கூறியது. அத்துடன், படகில் அங்கீகரிக்கப்பட்ட டிராக்கிங் கருவி இருக்க வேண்டும், அது இயங்கிக் கொண்டிருக்க வேண்டும், அதன் குறியீட்டு எண்ணை மீன்வளத் துறைக்கும் கடலோரக் காவலுக்கும் தர வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நாள், நேரம், தூரம் மூன்றையும் கருவி காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அந்தப் பத்து மணி நேரத்தில் வலையில் ஏறியது 2 டன் மத்தியா, 20 டன்னா என்று அது சொல்லாது. சட்டத்தை மதித்தபடியே கடலைக் காலி செய்ய முடியும்.

கணக்குப் பிள்ளைகள்

ஆக, எவ்வளவு பிடித்தோம் என்ற கணக்கை யார் வைக்கிறார்கள்? கொச்சியில் தலைமையகம் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். இது 1947-ல் தொடங்கப்பட்டது நம் மண்டபத்தில்தான். பின்னர்தான் கொச்சிக்கு மாறியது. நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன் இறங்குதளங்கள் இருக்கின்றன. தினமும் எல்லாப் படகையும் எடை போடுவது நடக்காத காரியம். எனவே இவர்கள் மாதிரி எடுக்கிறார்கள். ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் குவாலிட்டி பிரிவில் இருப்பவர்களுக்கு இது நன்கு தெரிந்த வேலை. ஒரு லாட்டில் உள்ள எல்லா போல்ட்டையும் அளக்காமல், சிலவற்றை எடுத்து அளந்து மொத்த லாட்டையும் மதிப்பிடுவது போல, சில இறங்குதளங்கள், சில நாட்கள், சில படகுகள் என்று முறைப்படி தேர்வு செய்து, மீன் வகையையும் எடையையும் நீளத்தையும் பதிந்து, மொத்தத்தைக் கணக்கிடுகிறார்கள். 2024-ல் இந்தியக் கரைகளில் இறங்கிய கடல் மீன் சுமார் 34.7 லட்சம் டன் என்ற எண் இப்படிக் கிடைத்ததுதான்.

இந்தக் கணக்கின் அருமையை மத்தி மீன் சொல்லும். 2012-ல் கேரளத்தில் பிடிபட்ட மத்தி ஏறத்தாழ 4 லட்சம் டன். 2021-ல் வெறும் 3,297 டன். கடல் சூடு, மழை மாற்றம், குஞ்சு மீன்களையும் விடாமல் பிடித்தது என்று விஞ்ஞானிகள் பல காரணங்களைச் சொன்னார்கள். மத்தி பின்னர் திரும்பி வரத் தொடங்கியது. 2022-ல் கேரளத்தில் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. ஆண்டுக்கணக்காக எழுதி வைத்த எண்கள் இல்லாவிட்டால், இந்த இறக்கமும் ஏற்றமும் வெறும் கடற்கரைப் பேச்சாக முடிந்திருக்கும். 10 சென்டி மீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரளம் போட்ட விதிக்கும் ஆதாரம் இருந்திருக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகள், பிடித்த மீனை எலக்ட்ரானிக் பதிவேட்டில் கடலிலிருந்தே அனுப்ப வேண்டும். கரையில் ஏலம் போன எடையுடன் அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆயிரக்கணக்கான நாட்டுப்படகுகள் மணலில் வந்து இறங்கும் நம் கரைக்கு அப்படியே அது பொருந்தாது. ஆனால் ஏலம் நடக்கும் இடத்தில் தராசை ஒரு கம்ப்யூட்டருடன் இணைப்பது பெரிய காரியம் அல்ல. சாட்டிலைட்டை விட மிகவும் மலிவு. 2025 நவம்பர், டிசம்பரில் நடந்த தேசியக் கடல் மீன்வளக் கணக்கெடுப்பில் காகிதத்தை விட்டு மொபைல் அப்ளிகேஷனுக்கு மாறிவிட்டார்கள் என்பது நல்ல தொடக்கம்.

உங்கள் கம்ப்யூட்டரில் உலகக் கடல்

கூகுள், ஓஷியானா, ஸ்கைட்ரூத் ஆகிய மூன்றும் சேர்ந்து 2016-ல் குளோபல் பிஷிங் வாட்ச் என்ற தளத்தைத் திறந்தன. தளத்தில் உள்ள வரைபடத்தைத் திறந்து, மவுஸ் சக்கரத்தைச் சுழற்றி வங்காள விரிகுடாவைப் பெரிதாக்கவும். கீழே உள்ள காலக் கோட்டை இழுத்து, வேண்டிய மாதத்தைத் தேர்வு செய்திடலாம். மீன்பிடிப் படகுகளின் நடமாட்டம் ஒளிப் புள்ளிகளாகத் தெரியும். சில நாட்கள் பழைய தகவல்தான், நேரலை அல்ல. பழைய கம்ப்யூட்டராக இருந்தால் வரைபடம் வரச் சற்று நேரமாகும். பொறுமை வேண்டும்.

தமிழகக் கரை ஓரம் பார்த்தால் புள்ளிகள் குறைவாக இருக்கலாம். படகே இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். ஏ.ஐ.எஸ். கருவி உள்ள படகுகள்தான் இதில் அடிப்படை. இடது பக்கம் உள்ள பட்டியலில் ரேடார் சாட்டிலைட் மூலம் கண்டறிந்த படகுகள், இரவு வெளிச்சத்தில் தெரிந்த படகுகள் ஆகிய அடுக்குகளையும் சேர்த்துப் பாருங்கள். இந்தக் குழுவின் ஆய்வு 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளியானது. உலகின் தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் நான்கில் மூன்று பங்கு பொதுவான கண்காணிப்பில் தெரிவதே இல்லை என்று அது கூறியது. குறிப்பாக ஆப்பிரிக்காவிலும் தெற்கு ஆசியாவிலும். இந்தோனேஷியா மட்டும் 2017-லேயே தன் படகுகளின் டிராக்கிங் தகவலை இந்தத் தளத்தில் எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டது.

அணையில் என்ன செய்யலாம்?

கடைசியாக எங்கள் ஊர்த் தண்ணீர். கெலவரப்பள்ளி அணையில் பெங்களூருப் பக்கக் கழிவுநீர் கலந்து நுரை பொங்குவதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோலின்படி, மீன் வாழும் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம். இந்த இரண்டையும் அளக்கும் சென்சார்கள் விற்பனையில் உள்ளன. ஒரு மைக்ரோ கண்ட்ரோலர், ஒரு சிம் கார்டு மாடம், சின்ன சோலார் பேனல் இருந்தால் போதும். கடல் போல் இங்கே டவர் பிரச்னை இல்லை. ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த பாலிடெக்னிக் மாணவர்களுக்குப் பஞ்சமும் இல்லை. சென்சார் முனையில் பாசி படிந்தால் அளவு தவறாகக் காட்டும். வாரம் ஒரு முறை துடைக்க ஆள் வேண்டும். இந்த மாதிரித் திட்டங்கள் பெரும்பாலும் படுத்துவிடுவது அந்த ஒரு வேலையில்தான்.

பிடிபட்ட மீனுக்கு எக்செல் ஷீட்டே போதும். தேதி, மீன் வகை, எடை, எத்தனை பேர் எத்தனை மணி நேரம் வலை போட்டார்கள் என்று நான்கு காலம். கடைசிக் காலத்தை விட்டுவிடாதீர்கள். மொத்த எடை குறையாமல் இருக்க, ஒரு மணி நேரத்திற்குக் கிடைக்கும் எடை மட்டும் மாதா மாதம் இறங்கினால், மீன் குறைகிறது, உழைப்பு கூடுகிறது என்று பொருள். எடையை மட்டும் எழுதினால் இது கண்ணில் படாது. எக்செலில் எடையை மணி நேரத்தால் வகுத்து ஒரு லைன் சார்ட் போட்டால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இன்காய்ஸ் அட்டவணையைத் தடைக்காலத்தில் திறந்து பார்த்துவிட்டு, தளம் வேலை செய்யவில்லை என்று எண்ண வேண்டாம். ஜூன் 15-க்குப் பிறகு, வானத்தில் மேகம் இல்லாத ஒரு நாளில் திறந்து பாருங்கள்.